எதிர்மனுதாரர் செய்த ஏழு வினைகள்

திருவாரூரில் ஒரு வக்கீல் ஆபீசில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இங்கிலீஷில் டைப் அடிக்கத் தெரியும். இரண்டும் வேறு என்பது அங்கே யாருக்கும் ஒரு குறையாகப் படவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர் பாஸ் செய்து, எங்கள் தெருவிலிருந்து செருப்புப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வேலைக்குப் போன முதல் பெண் நான். பார்த்த எழுத்தை அடித்தேன். அந்த எழுத்தெல்லாம் சேர்ந்து என்ன சொல்கிறது என்பது வக்கீலுக்கும் கோர்ட்டுக்கும் உள்ள விவகாரம் என்று நினைத்திருந்தேன்.

ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்களின் பெயரையெல்லாம் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றப் போகிறார்கள் என்று எங்கும் பேச்சு. பெயர் ஏறிவிட்டால் அப்புறம் ஆளை நிலத்திலிருந்து இறக்குவது கஷ்டம். ஆகவே பெயர் ஏறுவதற்குள் ஆளை இறக்கிவிட வேண்டும் என்று மிராசுதார்கள் வரிசையாக வக்கீலைத் தேடி வந்தார்கள். மனுவுக்கு மேல் மனு. என் விரல் நகமெல்லாம் கார்பன் மை.

வக்கீல் ஆளுங்கட்சிக்காரர். தோளில் எப்போதும் கரை போட்ட துண்டு. சாயங்காலம் மேடை ஏறினால் தமிழே தன் மூச்சு என்பார். மறுநாள் காலையில் அதே மூச்சால் ஒரு தமிழ் வார்த்தை கலக்காமல் மனு சொல்லுவார்; குமாஸ்தா எழுதிப் போடப் போட நான் பார்த்து அடிப்பேன். குமாஸ்தா ஒருநாள் துணிந்து இதைப் பற்றிக் கேட்டார். வக்கீல் கோபப்படவில்லை.

"தமிழ்ல சொன்னா அது வசவுய்யா. அதையே இங்கிலீஷ்ல சொன்னா பிளீடிங்," என்றார்.

அந்தப் பிளீடிங்குக்கு, அதாவது கோர்ட்டில் எழுதிக் கொடுக்கும் வாதத்துக்கு, வேண்டிய சரக்கு ஏழே ஏழு வினைச்சொற்கள். குமாஸ்தா அவற்றை, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயத்த இங்கிலீஷ் வாக்கியத்தோடு, ஓர் அட்டையில் எழுதி, என் டைப்ரைட்டருக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தார். டினை, நெக்லெக்ட், டேமேஜ், அப்ஸ்ட்ரக்ட், த்ரெட்டன், இன்சைட், அப்ஸ்காண்ட். எந்த ஊர் வழக்காக இருந்தாலும், குத்தகைதாரர் கிழவராக இருந்தாலும் கைக்குழந்தைக்காரியாக இருந்தாலும், வக்கீல் மூன்று பாரா சொல்லிவிட்டு எழுந்து வெற்றிலை போடப் போவார். போகிற போக்கில், "நாலாவது பாராவுல அந்த ஏழையும் போட்டுடும்மா" என்பார். நான் போடுவேன். நடந்து வரக் கைத்தடி வேண்டியிருந்த ஒரு கிழவர் என் டைப்ரைட்டரில் அறுவாள் தூக்கி, ஆட்களைத் தூண்டிவிட்டு, வாய்க்கால் தாண்டித் தலைமறைவானார்.

ஒரே சொல்லைத் தினமும் அடித்தால் அதன் அர்த்தம் தெரிந்துகொள்ள ஆசை வரத்தான் செய்யும். ஆபீசில் மேலட்டை கிழிந்த ஓர் இங்கிலீஷ்–தமிழ் அகராதி இருந்தது. மத்தியானம் வக்கீல் தூங்குகிற நேரத்தில் அதைப் புரட்டி ஏழு சொல்லுக்கும் பொருள் பார்த்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். டினை என்றால் உண்மையை இல்லையென்று சொல்லுதல். நெக்லெக்ட் என்றால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுதல். அப்ஸ்ட்ரக்ட் என்றால் வழிமறித்தல். அப்ஸ்காண்ட் என்றால் சட்டத்துக்கு அஞ்சி இரகசியமாக நீங்குதல்.

அகராதியில் பொருள் இருந்ததே தவிர உதாரணம் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு சொல்லையும் வாக்கியத்தில் அமைத்து எழுதிப் பழகியவள் நான். எனக்குத் தெரிந்த உலகத்திலிருந்து வாக்கியம் அமைத்தேன். 'மிராசுதார் தலைமடையை அடைத்து எங்கள் வயலுக்குத் தண்ணீர் வராமல் வழிமறித்தார்.' 'மிராசுதார் கொடுத்த வாக்கை இல்லையென்று சொன்னார்.' 'மிராசுதாரின் காரியக்காரர் எங்கள் தெருவுக்கு வந்து மிரட்டினார்.' ஏழு வாக்கியமும் முடிந்தபின் படித்துப் பார்த்தேன். சுவரில் இருந்த அதே ஏழு வினைகள்தான். எழுவாய் மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனுக்களை வேறு கண்ணோடு படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. கெட்ட வினை எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது, அது குத்தகைதாரர். மிராசுதார் தரப்பில் நடந்தவற்றுக்கு மட்டும் ஆளே கிடையாது. கதிர் அறுக்கப்பட்டது, குடிசை அகற்றப்பட்டது, மடை அடைக்கப்பட்டது. யாரால் என்று எந்தப் பாராவிலும் இருக்காது. இடி விழுவது போல, மழை பெய்வது போல அவை தாமாக நடந்திருந்தன.

இப்படி ஓர் ஆறு மாதம் போயிருக்கும். ஒரு புரட்டாசி மாதக் காலையில் வக்கீல் புதிய மனு ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். ஊர்ப் பெயர் எங்கள் ஊர்ப் பெயராக இருந்தது. சரி, நம் ஊர் மிராசுதாரும் வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அடித்தேன். அடுத்தது எதிர்மனுதாரர் பெயர். அது என் அப்பாவின் பெயர்.

அப்பா பண்ணை வேலையிலேயே வளர்ந்தவர். ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு, ஆட்கள் கிடைக்காமல் மிராசுதார் திண்டாடிய ஒரு சமயத்தில், வடிகால் ஓரத்தில் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், நிலத்தை அப்பாவிடம் குத்தகைக்கு விட்டார். மழை பெய்தால் முதலில் முழுகும் நிலம். அதற்கு எங்கள் வீட்டில் நாலு பேரும் கரை போட்டு, மண் சுமந்து, அதை நிலமாக்கியிருந்தோம்.

எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் தெருவுக்கு மூன்று பேருக்கு இருக்கும். நான் யார் மகள் என்று வக்கீல் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அவர் வழக்கம்போல வெற்றிலைக்கு எழுந்தார்.

"நாலாவது பாராவுல ஏழையும் போட்டுடும்மா."

போட்டேன். ஓர் எழுத்தும் பிழையாக விழவில்லை. சம்பவம் நடந்த தேதிக்கு இடம் விட்டிருந்தது. வக்கீல் சொல்ல மறந்திருந்தார். குமாஸ்தா சுவர்க் காலண்டரை அண்ணாந்து பார்த்து, ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமையைச் சொன்னார். ஏன் அந்த நாள் என்று கேட்டேன்.

"முகூர்த்த நாளும்மா. எதச் செஞ்சாலும் நல்ல நாள்ல செய்யணும்," என்றார் அவர்.

அந்த முகூர்த்த நாளில் என் அப்பா எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அன்றைக்கே வேலை போகும், மனு போகாது. மூன்று படி எடுத்து, ஊசி குத்தி, மேசைமேல் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனேன். வழியெல்லாம் ஏதோ திருடிவிட்டு வருகிறவள் போல இருந்தது.

பத்து நாளில் மனுவின் நகலோடு நோட்டீஸ் வந்தது. தாலுகா ஆபீஸ் பியூன் சைக்கிளில் கொண்டுவந்தார். அதில் தலைமறைவாகி இருப்பிடம் தெரியாதவராகச் சொல்லப்பட்ட ஆள், வீட்டு வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தவர், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்டார். சாயங்காலம் நான் வந்ததும் அதைக் கொண்டுவந்து நீட்டினார்.

"என்னமோ கவருமெண்டு காயிதம். இங்கிலீசு. யாரு அடிச்சதோ, எழுத்தெல்லாம் கோடு போட்டாப்புல அழகா இருக்கு."

"நான்தாம்ப்பா அடிச்சேன்."

காகிதத்தை இன்னொருதரம் பார்த்தார். "தப்பில்லாம அடிச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"அடிச்சிருக்கேன்."

"அப்ப சரி. என்ன போட்டிருக்கு, படி."

ஒவ்வொரு வினையாகப் படித்து, நோட்டில் எழுதியிருந்தபடியே பொருள் சொன்னேன். நிலம் ஆண்டைக்குச் சொந்தம் இல்லை என்று அவர் சொன்னதாக முதலாவது. "நானா? அவரு வரப்புல எதிர்ல வந்தா துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு வயலுக்குள்ள எறங்குறவன் நானு," என்றார். நிலத்தைக் கவனிக்காமல் போட்டார் என்பதைக் கேட்டதும் முகம் சுருங்கிப் போயிற்று. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மற்ற ஆறையும்விட அதுதான் அவருக்குப் பட்டது.

ஐந்தாவதுக்கு வந்தேன். "ஆண்டைய நீ மிரட்டுனியாம்ப்பா."

"என்னன்னு?"

"அறுவாளக் காட்டி, வெட்டிப்புடுவேன்னு."

"அவரையா?"

"ஆமா."

"அவரு என்ன செஞ்சாராம்?"

"பயந்து போயி, வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு ஓடி, கதவத் தாப்பா போட்டுக்கிட்டாராம்."

அப்பா கொஞ்சம் கிட்டே நகர்ந்து, "அந்த எடத்த மட்டும் இன்னொருதரம் படி," என்றார். படித்தேன். ஐம்பது வயது வரையில் அவர் யாரிடமும் குரல் உயர்த்தியவர் இல்லை. தான் செய்யாத ஒரு காரியத்தை இங்கிலீஷில் கேட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏழாவதையும் படித்து முடித்ததும் அம்மா உள்ளேயிருந்து, "தலமறவா ஓடிப்போனவரு எந்திரிச்சு வந்து சாப்புடலாம், சோறு ஆறுது," என்றாள்.

வக்கீல் வைக்க எங்களுக்கு வழியில்லை. விவசாயச் சங்கத்துக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். சங்கத்து வக்கீல் வேறொரு வழக்கில் ஜெயிலுக்குள்ளே இருப்பதாகச் சொன்னார். "நீங்க நேர்ல போயி நில்லுங்க. எதக் கேட்டாலும் உள்ளதச் சொல்லுங்க. கூப்புடாம பேசாதீங்க," என்று சொல்லிப் போனார். அப்பாவுக்குப் பின்னது சுலபம், பிறந்ததிலிருந்து பழகியது.

விசாரணை ரெவின்யூ கோர்ட்டில். அதிகாரி ஊருக்குப் புதியவர். முதல் வாய்தாவில் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு வக்கீலைப் பார்த்தார்.

"ஆபீஸ் நடவடிக்கை எல்லாம் தமிழ்ல இருக்கணும்னு உத்தரவு வந்திருக்கே. நீங்க கட்சிக்காரர் வேற. இதத் தமிழ்ல கொடுத்திருங்களேன்."

வக்கீல் மறுக்க முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டார். தமிழ் வேண்டாம் என்று கரைத்துண்டோடு எப்படிச் சொல்வது? "தாராளமா கொடுத்துடலாம்," என்றார். அப்பா ஓரத்துச் சுவரோடு சுவராக நின்றார். நான் வக்கீலுக்குப் பின்னால் கட்டுகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். ஒருவரையொருவர் தெரியாதவர்களைப் போல இருந்தோம்.

ஆபீசுக்கு வந்ததும் வக்கீல் பேனாவை எடுத்துத் தானே மொழிபெயர்க்க உட்கார்ந்தார். மேடையில் விடியலைப் பற்றியும் வேங்கையைப் பற்றியும் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசக்கூடியவர். அப்ஸ்ட்ரக்ட் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அன்று சாயங்காலம் ஒரத்தநாட்டில் தமிழ் விழாக் கூட்டம் இருப்பது ஞாபகம் வந்தது.

"நீ தமிழ் நல்லா எழுதுவியாம்மா?"

"எழுதுவேங்க."

"இருக்கிறத இருக்கிறபடி எழுதிடு. ஒண்ணும் விட்டுடாத." தாளின் அடியில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டு, தமிழுக்காகப் பேசக் கார் ஏறினார்.

நான் ஒன்றும் விடவில்லை. ஒன்றும் சேர்க்கவும் இல்லை. இதை இன்றைக்கும் சத்தியமாகச் சொல்லுவேன். வடமொழிச் சட்டச் சொற்கள் எனக்குத் தெரியாது, மேடைச் சொற்கள் வராது. தெரிந்தது நோட்டில் இருந்த பொருள்தான், மீதிக்கு அகராதி இருந்தது. அதை நேராக வைத்தேன். எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்பதால் தேதியையும் தமிழாக்கினேன். ஆகஸ்டு வியாழக்கிழமை, ஆவணி மாதம் இரண்டாவது வியாழக்கிழமை ஆயிற்று. அந்த இடத்தில் நான் கொஞ்சம் நிதானித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிதானித்துவிட்டு, அதை இன்னும் தெளிவாக எழுதினேன்.

இரண்டாவது வாய்தாவுக்கு மிராசுதாரே வந்தார். தன்னைப் பற்றி எழுதியிருப்பதைத் தமிழில் படிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஊர்க்காரர்கள் பத்துப் பேரையும் கூட்டி வந்திருந்தார். மஞ்சள் சந்தனம், வெள்ளை ஜிப்பா. கல்யாணப் பத்திரிகை வாசிக்கக் கேட்கிறவர் போல முன் பெஞ்சில் உட்கார்ந்தார். வக்கீலுக்குப் பின்னால் கட்டு சுமந்து வந்த பெண் யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. கோர்ட் குமாஸ்தா எழுந்து உரக்கப் படித்தார்.

முதல் நான்கு வினைகளுக்கு மிராசுதார் தலையை ஆட்டி ரசித்தார். ஐந்தாவது வந்தது.

"மேற்படி எதிர்மனுதாரர் கையில் அறுவாளுடன் வரப்பில் நின்று, உன்னை வெட்டிப்போடுவேன் என்று மனுதாரரை மிரட்டினார். மனுதாரர் நடுநடுங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் வீட்டுக்கு ஓடி, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்."

தலையாட்டம் நின்றது. பின்னால் பத்துப் பேரில் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"யாரு ஓடுனது?" என்றார் மிராசுதார்.

வக்கீல் அவர் முழங்கையைத் தொட்டார். "நீங்க சும்மா இருங்க."

"இல்ல, யாரு தாப்பா போட்டுக்கிட்டது? இவனப் பாத்தா? எவன்யா எழுதுனது இத?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "மனுதாரர் நீங்கதானே? அவர் உங்கள மிரட்டல?"

"இவனா? இவன் ஒசக்கப் பேசி நான் கேட்டதே கெடயாது சார். மிரட்டுறதாவது. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து எவனும் எங்கள மிரட்டுனதில்ல, எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். வக்கீல் தன் துண்டின் கரையைத் தடவிக்கொண்டே, சம்பவ நாள் பதற்றத்தில் மனுதாரருக்கு ஞாபகப் பிசகு என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். மிராசுதாருக்கு அதுவும் பிடிக்கவில்லை. தனக்கு ஞாபகம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று காட்ட விரும்பினார்.

"ஆவணி ரெண்டாவது வியாழனா? அன்னிக்கித்தான் திருப்பனந்தாள்ல நம்ம தங்கச்சி மகன் கல்யாணம். விடிகாலையிலேயே லாரி ஏறியாச்சு. எல எங்க, தேங்கா எங்கன்னு நான் அங்க அலயுறேன். இவனும் கூட வந்தானே. டேய், பந்தல்ல மூட்டையெல்லாம் எறக்குனது நீதானடா?"

கூப்பிடாமல் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இப்போது கூப்பிட்டாகிவிட்டது. "ஆமாங்க ஆண்ட," என்றார் அப்பா.

அதிகாரி மனுவின் கடைசி வரியைத் தானே படித்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, "தலைமறைவா ஆனவர் எங்க இருக்கார்?" என்று கேட்டார்.

"இங்கதாங்க இருக்கேன். போன தடவையும் இங்கதான் நின்னேன்."

அந்த அறையில் வக்கீலைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். மிராசுதாரும் சிரித்தார். ஒன்பது மா நிலத்தைத் தன் வாயாலேயே விட்டுக்கொடுத்தது அவருக்கு அந்த நிமிஷம் உறைக்கவில்லை. தான் ஓடவில்லை என்று ஊரறிய நிரூபித்துவிட்ட திருப்தியில் இருந்தார். மனு தள்ளுபடி ஆயிற்று. தை மாதம் அப்பாவின் பெயர் குத்தகைப் பதிவேட்டில் ஏறியது.

வக்கீலுக்கு விஷயத்தைச் சொன்னவர் குமாஸ்தாதான். கோர்ட் வாசலில் நானும் அப்பாவும் ஒரே பஸ்ஸில் ஏறியதை அவர் பார்த்திருக்கிறார். மறுநாள் வக்கீல் என்னைக் கூப்பிட்டார்.

"அவரு ஒங்க அப்பாவாம்மா?"

"ஆமாங்க."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலிங்க."

இரண்டு நாள் அகராதியை வைத்துக்கொண்டு என் மொழிபெயர்ப்பை வரிவரியாகச் சரிபார்த்தார். தப்பு ஒன்று கிடைத்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு நற்சான்றிதழைத் தானே சொல்லி, என்னையே அடிக்கவைத்துக் கையெழுத்திட்டார். நேர்மையானவள், உழைப்பாளி, தன் விருப்பப்படியே விலகிச் செல்கிறாள் என்று அதில் இருந்தது. அந்த ஆபீசில் நான் அடித்தவற்றிலேயே கெட்ட வினைச்சொல் ஒன்றுகூட இல்லாத தாள் அது ஒன்றுதான். அதனாலேயே அதுவும் பொய்யாக இருந்தது.

வேலை இல்லாமல் எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். களை பறித்தேன், நாற்று முடி சுமந்தேன். அந்த எட்டு மாதத்தில் தமிழ் டைப்ரைட்டிங்கும் படித்து முடித்தேன். பிறகு சர்வீஸ் கமிஷன் பரீட்சையில் தேறி, தஞ்சாவூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் சேர்ந்தேன்.

அங்கே சேர்ந்து ஐந்து வருடம் இருக்கும். ஒருநாள் காலையில் தலை நிமிர்ந்தபோது என் மேசைக்கு முன்னால் எங்கள் ஊர் மிராசுதார் நின்றுகொண்டிருந்தார். மகனை வெளிநாடு அனுப்ப ஏதோ ஒரு சான்று வேண்டியிருந்தது. என்னை அடையாளம் தெரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. எங்கள் ஊரில் அவர் என்னை எப்படிக் கூப்பிட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவளை எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. நீ என்றால் காரியம் கெடும், நீங்க என்றால் மனசு கேட்காது.

"அந்தச் சான்று... ரெடி ஆயிருக்குமா?" என்றார்.

"இன்னும் கையெழுத்து ஆகலிங்க."

"எப்ப வந்தா கெடைக்கும்?"

"நாளைக்கு வாங்க."

"மத்தியானத்துக்கு மேல வரலாமா?"

"வரலாங்க. இப்படி உக்காருங்க, ஒரு கையெழுத்துப் போடணும்."

ஐந்து நிமிஷம் பேசினார். நீயும் இல்லாமல் நீங்களும் இல்லாமல், ஒரு வாக்கியத்திலும் என்னைத் தொடாமல் பேசி முடித்தார். எனக்கு அது நிஜமாகவே வியப்பாக இருந்தது. மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு வந்தார். சான்று தயாராக இருந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, படி இறங்கிப் போனார்.